சியாங் மாயிலிருந்து ஒருநாள் சாப்பாட்டுப் பயணம்: எந்தப் பக்கம் போகலாம்?

கேள்வி:
டிசம்பரில் நாலு பேர் வட தாய்லாந்தில் இருக்கும் சியாங் மாய் போகிறோம். ஊருக்கு வெளியே போய் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ராத்திரிக்குள் திரும்பணும், அவ்வளவுதான். ஒருத்தர் பன்றி, மாடு தொடமாட்டார். இன்னொருத்தர் முட்டைகூட இல்லாத சுத்த சைவம். லம்பூன், மே கம்போங், சமோங் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாமா?

சாலைவாசி:
முடியாது. லம்பூன் தெற்கே, மே கம்போங் கிழக்கே, சமோங் மேற்கே. ஒரு நாளைக்கு ஒரு திசைதான். முதல் தடவை என்றால் லம்பூன். 25 கிலோமீட்டர் சொச்சம், ரயிலும் உண்டு. காரில் போனால் பழைய 106 சாலையைப் பிடியுங்கள். சாரபி பக்கம் இரண்டு ஓரமும் வானளாவிய யாங் மரங்கள்.

அங்கே கேட்க வேண்டியது குவாய் தியோ லம்யாய். பன்றிச் சாற்றில் உலர்ந்த லாங்கன் பழம் போட்ட நூடுல்ஸ். சாறு ஏற்கெனவே இனிக்கும், மேசையில் இருக்கும் சர்க்கரையை ருசி பார்க்காமல் அள்ளிப் போடாதீர்கள். லாங்கன் சீசன் ஜூலை, ஆகஸ்ட். டிசம்பரில் கிடைக்கும் புதுப் பழம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரேட் கொடுத்துப் பூக்க வைத்த மரத்தினுடையது. ஆமாம், பட்டாசில் போடுகிற அதே சரக்கு!

மலைக்காற்று:
மே கம்போங் சுமார் 50 கிலோமீட்டர். கடைசி ஏற்றம் செங்குத்து, சாலையும் ஒடுக்கம். டிசம்பர் சனி ஞாயிறில் வண்டி நகராது, வாரநாளில் போங்கள். வழியில் சன் கம்பேங் வெந்நீர் ஊற்று. மூங்கில் கூடையில் முட்டை வாங்கித் தொட்டியில் தொங்கவிட வேண்டும். கோழிமுட்டை கெட்டியாக வேக 10 நிமிடத்துக்கு மேல் விடுங்கள். கூடையைக் கொக்கியில் மாட்டுங்கள், கையில் பிடித்தால் ஆவி சுடும்.

கிராமத்தில் மியாங் கேளுங்கள். தேயிலையை அவித்துக் கட்டுக்கட்டாகப் புளிக்க வைத்தது. உப்பும் இஞ்சியும் வைத்து மெல்வார்கள். துவர்ப்பு தூக்கலாக இருக்கும், எல்லாருக்கும் பிடிக்காது.

அடுப்படி:
பன்றி சாப்பிடாதவருக்கு "மய் கின் மூ", அதாவது பன்றி சாப்பிடமாட்டேன், என்று சொன்னால் மட்டும் போதாது. காய் வதக்குவதே பன்றிக் கொழுப்பில் இருக்கலாம். "நாம் நியாவ்" என்ற நூடுல்ஸ் குழம்பில் ரத்தக்கட்டி விழும். அவருக்கு முஸ்லிம் கடையில் காவ் சோய் காய், அதாவது தேங்காய்ப்பால் குழம்பில் கோழி போட்ட நூடுல்ஸ், தைரியமாகச் சொல்லலாம்.

சைவக்காரருக்கு அதுவும் ஆகாது, அந்த நூடுல்ஸிலேயே முட்டை இருக்கும். பச்சைமிளகாயைச் சுட்டு இடித்த "நாம் பிரிக் நும்" பார்க்க நம்மூர்த் துவையல்தான், ஆனால் மீன்சாறோ இறால் விழுதோ கலந்திருக்கும். மஞ்சள் துணியில் சிவப்பு "ஜே" (கண்டிப்பான சைவம்) எழுத்து இருக்கிற கடைதான் கதி. அங்கே பூண்டு, வெங்காயமும் கிடையாது. மலைக்குப் போகிற நாளில் காலையிலேயே ஊருக்குள் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள்.

மற்ற இரண்டு பேரும் லாப், அதாவது கொத்திய இறைச்சியில் மசாலா கலந்தது, கேட்டால் "குவா", வறுத்ததா என்று உறுதிப்படுத்துங்கள். "திப்" என்றால் பச்சை இறைச்சி. பச்சைப் பன்றியிலிருந்து வரும் ஒரு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி காதுகேளாமை வரை கொண்டுபோகும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சமோங்குக்கு ஸ்கூட்டர் எடுக்கலாமா?

சாலைவாசி:
சுற்று 100 கிலோமீட்டர், கொண்டைஊசி நிறைய. சர்வதேச உரிமத்தில் இருசக்கர வாகனப் பிரிவு இல்லாவிட்டால் எடுக்காதீர்கள். விபத்தானால் காப்பீடு கைவிரித்துவிடும். ஸ்ட்ராபெரி டிசம்பரில் தொடங்கிவிடும், ஆனால் ஜனவரியில்தான் மலிவு.