முகமூடிக் கொலை நகைச்சுவைக் குறும்படம்: மூன்றாவது கொலையில் சிரிப்பு நின்றுபோவது ஏன்?

சாலிகிராமத்தான்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஐந்து நண்பர்கள் கைப்பணத்தைப் போட்டு 22 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்திருக்கிறோம். கோவளத்தை அடுத்து, கடலைப் பார்த்த வாடகை வீடொன்றில் கல்லூரி நண்பர்கள் கூடியிருக்க, முகமூடி அணிந்த ஒருவன் அவர்களை ஒவ்வொருவராகக் கொல்கிறான் என்பதுதான் கதை. பயமும் சிரிப்பும் கலந்து வர வேண்டும் என்று விரும்பினோம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு மேற்கு மாம்பலத்தில் நண்பர் வீட்டு மொட்டைமாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டி, முப்பது பேருக்குப் போட்டுக் காட்டினோம். முதல் கொலைக்கு மாடியே அதிரச் சிரித்தார்கள். இரண்டாவதற்குப் பாதிப் பேர் சிரித்தார்கள். மூன்றாவது வந்தபோது யாரும் சிரிக்கவில்லை, யாரும் பயப்படவும் இல்லை. சிலர் கைப்பேசியைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

இந்த வகைப் படங்களைப் பள்ளி நாட்களிலிருந்து விரும்பிப் பார்த்து வருகிறேன். தெரிந்த நட்சத்திரம் எவரும் இல்லாததால் அடுத்து யார் சாவார் என்று ஊகிக்க முடியாத பதற்றமும், பணமில்லாதவர்கள் மூளையை மட்டும் நம்பிச் செய்யும் தந்திரங்களும் என்னை ஈர்க்கின்றன. 1978இல் வெளிவந்த ‘ஹாலோவீன்’ ஏறத்தாழ 3 லட்சம் டாலரில் முடிந்த படம்; அதன் கொலையாளி அணியும் முகமூடி, கடையில் வாங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ கேப்டனின் முகமூடிக்கு வெள்ளை பூசியது. இதைப் படித்த நாளில்தான் நாமும் எடுக்கலாம் என்ற துணிவு வந்தது. எங்கள் படத்தில் பிசகியது பணத்தாலா, எங்களாலா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெட்டொட்டு:

தம்பி, வடபழனியில் பல ஆண்டுகளாகப் படத்தொகுப்பு செய்து வருகிறேன். நீங்கள் மொட்டைமாடியில் கண்டதை நான் தொகுப்பு மேசையில் பலமுறை கண்டிருக்கிறேன். பணக்குறைக்கும் இதற்கும் தொடர்பு மிகக் குறைவு.

சிரிப்பும் பயமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டும் காத்திருப்பதில் பிறக்கின்றன. உங்கள் முதல் கொலை எதிர்பாராமல் வந்ததால் சிரித்தார்கள். இரண்டாவதில் உங்கள் வழக்கம் அவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. மூன்றாவதில் கதவு திறக்கும் முன்பே கத்தி வரும் இடமும், அதையடுத்து வரும் வேடிக்கை வசனமும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டன. ‘டக்கர் அண்ட் டேல் வெர்சஸ் ஈவில்’ படத்தைப் பாருங்கள். காட்டில் தங்க வந்த இரண்டு அப்பாவிகளைக் கொலைகாரர்கள் என்று தவறாக எண்ணும் கல்லூரி மாணவர்கள், அந்தப் பதற்றத்தில் தாங்களாகவே விபத்துகளில் சாகிறார்கள். அங்கே ஒவ்வொரு சாவும் முந்தைய தவறான எண்ணத்தை இன்னும் வலுவாக்குவதால், ஐந்தாவது சாவுக்கும் நாம் முதல் சாவைப் போலவே காத்திருக்கிறோம். உங்கள் மூன்றாவது கொலை கதையில் எதை மாற்றுகிறது என்று கேட்டுப் பாருங்கள். எதையும் மாற்றவில்லை என்றால், எவ்வளவு ரத்தம் ஊற்றினாலும் அந்தக் காட்சி நிற்காது.

பணக்குறை உண்மையிலேயே காட்டிக்கொடுக்கும் இடம் ஒலி. படம் சற்று மங்கலாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். வசனம் கேட்கவில்லை என்றால் எந்த நகைச்சுவையும் பிழைக்காது. கடற்கரைச் சாலையில் காற்றும் ஜெனரேட்டரும் சேர்ந்து உங்கள் ஒலிப்பதிவை எப்படிக் கெடுத்திருக்கும் என்பதைப் படத்தைப் பார்க்காமலே ஊகிக்க முடிகிறது. வசனங்களை அமைதியான அறையில் மறுபடி பேசவையுங்கள். கத்திக் குத்து ஓசைக்கு இணையத்தில் கிடைக்கும் ஒலித்துண்டை ஒட்டாதீர்கள். 1960இல் வந்த ‘சைக்கோ’வின் புகழ்பெற்ற குளியலறைக் காட்சிக்கு முலாம்பழ வகையொன்றைக் குத்தித்தான் ஓசை எடுத்தார்கள்; கருப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப் போதுமாக இருந்தது. நம் ஊரில் திருஷ்டிப் பூசணிக்காய் தரையில் உடையும் ஓசையைவிட அடிவயிற்றைக் கலக்கும் ஓசை வேறெது இருக்கிறது?

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். “இது மட்டமான படம்தான், எங்களுக்கே தெரியும்” என்று பாத்திரங்களையே சொல்லவைத்துத் தப்பிக்கும் வழக்கம் இந்த வகைப் படங்களின் பெரிய நோய். ஜப்பானியர் எடுத்த ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ வெறும் 30 லட்சம் யென்னில் உருவானது. முதல் 37 நிமிடம் ஒரே ஷாட். நடிப்பில் தடுமாற்றம், காரணமில்லாத மௌனங்கள் எனப் பிழைகள் நிறைந்தது. ஆனால் அந்த ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் படப்பிடிப்பில் என்ன நடந்தது என்பதைப் பிற்பாதி காட்டும்போது, நாம் குறையென்று நினைத்தவையெல்லாம் நகைச்சுவைக்குப் போட்ட விதை என்று தெரிகிறது. அது பிணங்கள் எழுந்துவரும் கதைதான், முகமூடிக் கொலைக் கதை அன்று; ஆயினும் உங்களுக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

மாம்பலம் ரசிகை:

அந்த மாடியில் இருந்தவர்களில் நானும் ஒருத்தி. மூன்றாவதாகச் சாகும் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை என்பதை இயக்குநர் கவனித்தாரா? குளித்துவிட்டு வருகிறாள், அலறுகிறாள், சாகிறாள். எங்கள் வரிசையில் இருந்த பெண்கள் கைப்பேசியை எடுத்தது அப்போதுதான்.

கொலைப் படங்களின் முடிவில் உயிரோடு நிற்கும் பெண்ணுக்கு ‘கடைசிப் பெண்’ என்று 1987இல் பெயர் சூட்டி விரிவாக எழுதியவர் அமெரிக்கப் பேராசிரியர் கேரல் க்ளோவர். அந்தப் பெண் கண்ணைத் திறந்துவைத்து ஆபத்தைப் பார்ப்பதால்தான் பார்ப்பவரும் அவளோடு சேர்ந்து பயப்படுகிறார். ‘தி ஸ்லம்பர் பார்ட்டி மாசக்கர்’ (1982) படத்தின் திரைக்கதையை ரீட்டா மே பிரவுன் இந்த வகையையே கேலி செய்து எழுதினார். அது வழக்கமான கொலைப் படமாகப் படமாக்கப்பட்டும், அந்தக் கேலி அங்கங்கே கசிந்து அதற்கு விசித்திரமான உயிரைக் கொடுக்கிறது. சாகும் பெண்ணின் மீது சிரிப்பதும், அவளைத் துரத்துகிறவனின் அசட்டுத்தனத்தைப் பார்த்துச் சிரிப்பதும் வேறு வேறு. உங்கள் படம் முதலாவதைச் செய்கிறது.

பெரம்பூர் பழைய பாய்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம் ஆட்களுக்குப் பேயும் நகைச்சுவையும் கலந்தால் பிடிக்கும், முகமூடியும் நகைச்சுவையும் கலந்தால் ஒட்டவில்லை. அதற்குக் காரணம் முன்கதை என்று நினைக்கிறேன். ‘காஞ்சனா’வில் (2011) முதல் பாதி முழுக்கச் சிரித்த திரையரங்கம், அந்தப் பேய்க்கு இழைக்கப்பட்ட அநீதியைக் கண்டதும் அதன் பக்கம் சாய்ந்துவிட்டது. ‘ஹாலோவீன்’ வந்த அதே 1978இல் வந்த ‘சிகப்பு ரோஜாக்கள்’ கொலைகாரனுக்கும் ஒரு சிறுவயதுக் கதை இருந்தது. முகமூடிக்காரன் ஏன் கொல்கிறான் என்று சொல்லாமல் விடுவது அங்கே அச்சத்தைக் கூட்டுகிறது; இங்கே “கதை எங்கே?” என்று கேட்கவைக்கிறது.

இன்னொன்று, நம் படங்களில் நகைச்சுவை நடிகர் சாகமாட்டார் என்று நமக்குப் பழகிவிட்டது. பேய் அறையும், ஓடவிடும், வேட்டியை உருவும், உயிரை எடுக்காது. அந்த நிம்மதியில்தான் சிரிக்கிறோம். உங்கள் படம் அதை உடைக்கிறது. உடைப்பதென்றால் தெரிந்தே உடைக்க வேண்டும். மற்றபடி, ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது என்பதால், இந்த வகைப் படங்களை நம்பிப் பணம் போடுபவர்கள் குறைவு. யூடியூபில் அந்தத் தடை இல்லை.

சாலிகிராமத்தான்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா சுட்டியது எனக்கு வலித்தது, ஏனெனில் அது உண்மை. அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று எங்கள் ஐவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நேற்று இரவு மூவரின் பதில்களையும் எல்லோருமாக உட்கார்ந்து படித்தோம். மூன்றாவது கொலையை எடுத்துவிடுகிறோம். அந்த இடத்தில் அவள் முகமூடிக்காரனை முதலில் பார்த்துவிடுகிறாள்; மற்றவர்களிடம் சொல்கிறாள்; முன்பு இரண்டு முறை அவர்களே விளையாட்டுக்கு அலறி ஏமாற்றியதால் யாரும் நம்பவில்லை. அடுத்து சாகப் போகிறவன், இதுவரை எல்லோரையும் சிரிக்கவைத்தவன். அவன் சாவில் வேடிக்கை வசனம் கிடையாது.

வெட்டொட்டு அண்ணா, வசனங்களை மறுபடி பதிவு செய்ய ஒரு நண்பரின் அறையைக் கேட்டிருக்கிறோம். பூசணிக்காய் இரண்டு வாங்கியாகிவிட்டது. வரும் சனிக்கிழமை இரவு, தெரு அடங்கிய பிறகு, மாடியில் உடைத்துப் பதிவு செய்கிறோம்.