பழுப்பு மையில் படகுத் திருவிழா: இது கையால் வரைந்ததா, அச்சா?

கொல்லங்கோட்டுக்காரன்:
சித்தூரில் மாமா வீட்டுப் பரணில் சட்டம் போட்ட படம் ஒன்று கிடைத்தது. ஆற்றில் படகுகள், மேலே தேவர்கள், முன்னால் மீன்வால் குதிரைகள், கரையில் கூட்டம். நம்ம ஊர் தெப்பம் மாதிரி இருக்கிறதே என்று பார்த்தால் ஆட்கள் எல்லாம் வெள்ளைக்காரச் சாயல். மை பழுப்பாக இருக்கிறது. அசலா?

செங்கோட்டை அக்கா:
தம்பி, முதலில் ஒரு லென்ஸ் எடுங்க. கையால் வரைந்திருந்தால் கோடு தடித்து மெலியும், தண்ணி கலந்து தீட்டிய இடத்தில் மை ஓரத்தில் தேங்கி நிற்கும். படத்தைச் சுற்றித் தகடு அமுங்கிய பள்ளம் தெரிந்தால் அச்சு. புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் புத்தகத்திலிருந்து வெட்டியது, அவ்வளவுதான்.

பழுப்பு நிறத்தை மட்டும் நம்பாதீங்க. ஐரோப்பாவில் ஓக் மரத்தில் பூச்சியால் உண்டாகும் காய் போன்ற முண்டுகளுடன் இரும்பு உப்பைச் சேர்த்துக் காய்ச்சுவார்கள், நம்ம கடுக்காய், அன்னபேதி மை போலத்தான். எழுதும்போது கறுப்பு, காலம் போகப் போகப் பழுப்பு, சில நேரம் தாளையே அரித்துவிடும்.

குமுளி வாசகன்:
படத்தில் இருப்பது 1608-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் நடந்த விழா மாதிரி படுகிறது. அந்நகரை ஆண்ட மெதிச்சி குடும்பத்து இரண்டாம் கோசிமோ கல்யாணத்துக்கு அங்கே ஓடும் ஆர்னோ ஆற்றில், ஆர்கோ என்ற கப்பலில் வீரர்கள் தங்கக் கம்பளி தேடிப்போன கிரேக்கப் புராணக் கதையை அலங்காரப் படகுகளில் நடத்தினார்கள், படகுகளை வடிவமைத்தவர்களில் ஒருவர் ஜூலியோ பரிஜி, அவற்றைத் தகட்டில் செதுக்கிப் படமாக்கியவர் ரெமிஜியோ கந்தகலினா.

கொல்லங்கோட்டுக்காரன்:
அக்கா, பள்ளம் இருக்கு!