மூன்று மெஷ் ரூட்டர்கள்: ஒரு ரேடியோ முனகுகிறது, ஒரு ரூட்டர் சேர மறுக்கிறது

அல்சூர் டிவி மெக்கானிக்:

வணக்கம். எனக்கு வயது 61. பெங்களூரு அல்சூரில் முப்பது ஆண்டுகள் டிவி, ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தேன். இப்போது கடை இல்லை. கை மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

எங்கள் வீடு பழைய கல் கட்டடம். பதினைந்தடி அகலம், அறுபதடி நீளம், மூன்று தளங்கள். கீழே அம்மா, நடுவில் நாங்கள், மேலே குடித்தனக்காரர்கள். ஒரே ரூட்டரை எங்கே வைத்தாலும் யாராவது ஒருவர் வந்து கதவைத் தட்டுவார். போன மாதம் எஸ்.பி. ரோட்டில் பழைய சாமான் விற்கும் கடையில் மூன்று மெஷ் ரூட்டர்கள் (ஒன்றோடொன்று பேசி வீடெங்கும் வைஃபையைப் பரப்புபவை) ஒரே பெட்டியில் கிடந்தன. மூன்றும் சேர்த்து 1,800 ரூபாய். அதைத் தயாரித்தவர்கள் தங்கள் செயலியை நிறுத்திவிட்டார்கள். செயலி இல்லாமல் அதைத் தொடங்கவே முடியாது. அதனால் கடைக்காரருக்கு அது குப்பை. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அடியில் ரப்பர் வட்டத்தைப் பெயர்த்தால் நான்கு திருகுகள். உள்ளே ஐபிக்யூ4019 சிப். பக்கத்தில் தனியாக ஒரு க்யூசிஏ9886. ஆக ஒரு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, இரண்டு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள். போர்டின் ஓரத்தில் வரிசையாக நான்கு புள்ளிகள், கணினியை நேரடியாக இணைக்கும் சீரியல் வழி. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து எது கிரவுண்ட், எது 3.3 வோல்ட் என்று கண்டுபிடித்து, மீதி இரண்டில் கம்பி பற்றவைத்தேன். யூஎஸ்பி சீரியல் அட்டையின் ஜம்பர் 5 வோல்ட்டில் இருந்ததைக் கடைசி நிமிடத்தில் கவனித்தேன். குலதெய்வம் காப்பாற்றியது. 115200 வேகத்தில் எழுத்துகள் ஓடத் தொடங்கியபோது, செத்த பிக்சர் டியூப்பில் ராஸ்டர் வந்தது போன்ற சந்தோஷம்.

இந்த மாடலுக்கு ஓபன்டபிள்யூஆர்டி (ரூட்டர்களுக்கான இலவசத் திறந்த மென்பொருள்) இல்லை. ஆனால் இதே சிப்புகள் உள்ள வேறொரு ரூட்டருக்கு இருக்கிறது. அதன் டிவைஸ் ட்ரீ கோப்பை (போர்டில் என்னென்ன பாகம் எங்கே என்று சொல்லும் பட்டியல்) என் அக்கா மகன் எடுத்து, பொத்தான், விளக்கு, ஃபிளாஷ் எனும் நிரந்தர நினைவகத்தின் பகுதிகள் ஆகியவற்றை இதற்கேற்ப மாற்றி பில்ட் செய்து கொடுத்தான். முதலில் ஃபிளாஷைத் தொடாமல், டிஎஃப்டிபி (நெட்வொர்க்கில் கோப்பு அனுப்பும் எளிய முறை) வழியாகத் தற்காலிக நினைவகத்தில் மட்டும் ஏற்றிப் பார்த்தோம். ரூட்டரைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரான யூ-பூட் அதை ஏற்கவில்லை. கன்ஃபிகரேஷன் நோட் கிடைக்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இமேஜுக்குள் இருக்கும் கன்ஃபிகரேஷன் பெயர் தனக்குத் தெரிந்த பெயராகவே இருக்க வேண்டும் என்று அதற்குப் பிடிவாதம். இது புரிய இரண்டு இரவுகள் போயின. பழைய ஃபர்ம்வேரின் பூட் லாகிலேயே அந்தப் பெயர் இருந்தது. அதை வைத்ததும் எழுந்துவிட்டது. பிறகு மூன்றிலும் நிரந்தரமாக எழுதினோம்.

இப்போது சிக்கல் இரண்டு.

இரண்டாவது 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ மூன்று ரூட்டர்களிலும் முனகுகிறது. சேனல் 36இல் வைத்து, இரண்டடி தூரத்தில் போனை வைத்து அளந்தால் மைனஸ் 79 டிபிஎம் (பூஜ்யத்தை நெருங்க நெருங்க சிக்னல் பலம்). அதே இடத்தில் முதல் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவை அதே சேனலில் வைத்தால் மைனஸ் 38. ஆன்டெனா கம்பிகளையெல்லாம் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டேன், குறை இல்லை.

அடுத்தது, முதல் ரூட்டரும் இரண்டாவதும் 802.11எஸ் என்ற மெஷ் முறையில் கை கோத்துவிட்டன. மூன்றாவது சேரவில்லை. அதே கன்ஃபிகரேஷன், அதே கடவுச்சொல். கேபிள் போட்டு முதலாவதையும் மூன்றாவதையும் ஒரே சுவிட்சில் இணைத்தால் பிங் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் சிறு செய்தி) கொஞ்ச நேரம் போகிறது, நிற்கிறது, மறுபடி போகிறது. மூன்றாவதைத் தனியாக வைத்தால் ஒரு குறையும் இல்லை. என்னவாக இருக்கும்?

கரோல்பாக் தமிழன்:

அடாப்டரை மாற்றிப் பாருங்கள். பழைய பெட்டிகளில் பாதிச் சிக்கல் அங்கேதான். அத்துடன், தவறாக எண்ண வேண்டாம், இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதில் புதிதாகவே ஒரு செட் வாங்கிவிடலாமே?

அல்சூர் டிவி மெக்கானிக்:

அடாப்டர்களை மூன்றுக்கும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். லோடில் 12 வோல்ட் அசையாமல் நிற்கிறது. புதிதாக வாங்கலாம்தான். புது டிவி வாங்கலாமே என்று எல்லாரும் நினைத்திருந்தால் நான் முப்பது ஆண்டுகள் சோறு தின்றிருக்க முடியாது.

ஒயிட்ஃபீல்டு இரவுப்பணி:

ஐயா, முதல் சிக்கலுக்கு விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சேனல் 36ஐ மாற்றி, இரண்டாவது ரேடியோவை 149இல் வைத்துப் பாருங்கள்.

ஒரே பெட்டிக்குள் இரண்டு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். ஒன்று பேசும்போது பக்கத்தில் இருப்பதன் காது அடைத்துப்போகும். அதனால் இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் ஆன்டெனாவுக்கு முன்னால் ஃபில்டர் வைத்துப் பட்டையை இரண்டாக வெட்டியிருப்பார்கள். ஐபிக்யூ4019க்கு உள்ளே இருக்கும் ரேடியோவுக்குக் கீழ்ப்பாதி, சேனல் 36 முதல் 64 வரை. க்யூசிஏ9886க்கு மேல்பாதி, 100இலிருந்து மேலே. 36 என்பது 5180 மெகாஹெர்ட்ஸ். மேல்பாதிக்கான ஃபில்டர் அதை நெரித்துவிடும். மிச்சம் கசிந்து வருவதுதான் உங்கள் மைனஸ் 79.

சிப்புக்கு இது தெரியாது. எல்லா சேனலும் முடியும் என்றுதான் சொல்லும். டிவைஸ் ட்ரீதான் அதற்கு எல்லை போட வேண்டும். அந்த ரேடியோவின் நோடில் அலைவரிசை வரம்பு என்று ஒரு வரி எழுதலாம்: கீழ் எல்லை 5470 மெகாஹெர்ட்ஸ், மேல் எல்லை 5875. கோப்பில் கிலோஹெர்ட்ஸாக எழுத வேண்டும், மறந்துவிடாதீர்கள். உங்கள் அக்கா மகன் பார்த்து எழுதிய ரூட்டரில் ஃபில்டர் அமைப்பு வேறாக இருந்திருக்கலாம். அல்லது அவர் அந்த வரியை விட்டிருக்கலாம்.

நாட்டுக் குறியீட்டை இந்தியா என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018 அக்டோபரில் வந்த அறிவிக்கைக்குப் பிறகு 5725 முதல் 5875 மெகாஹெர்ட்ஸ் வரை இங்கே உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். 149 அதற்குள் வருகிறது. 100ஐ ஒட்டிய சேனல்களில் ராடார் இருக்கிறதா என்று 60 வினாடி காது கொடுத்துக் கேட்ட பிறகே ரேடியோ வாயைத் திறக்கும். ராடார் போல எதுவும் கேட்டால் நடுவில் இடம் மாறும். மாடிகளுக்கு இடையிலான இணைப்புக்கு அது தொல்லை. 149இல் அந்தக் கதை இல்லை.

மூன்றாவது ரூட்டரில் வழக்கமான சந்தேகம் ஒன்று: வைஃபை கடவுச்சொல்லைக் கையாளும் டபிள்யூபேட்-பேசிக் பொதியை நீக்கி மெஷ் பொதியைப் போட்டீர்களா? பேசிக் இருந்தால் கடவுச்சொல் உள்ள மெஷ் எழாது.

அல்சூர் டிவி மெக்கானிக்:

தம்பி, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். 149இல் வைத்தவுடன் மைனஸ் 36. கற்கண்டு மாதிரி. பாண்டு-1, பாண்டு-3 என்று ட்யூனரில் தனித்தனிப் பாதை வைத்திருந்த காலத்தில் வேலை பழகியவன் நான். இது எனக்குத் தோன்றாமல் போனதே என்று வெட்கமாக இருக்கிறது. அந்த வரியை டிவைஸ் ட்ரீயில் சேர்த்தாகிவிட்டது. இனி யாராவது 36ஐத் தேர்ந்தெடுக்க நினைத்தாலும் பட்டியலில் அது வராது.

மெஷ் பொதி மூன்றிலும் இருக்கிறது, பார்த்துவிட்டேன். மூன்றாவது இன்னும் அடம் பிடிக்கிறது.

செம்பூர்வாசி:

அண்ணா, நான் மும்பையிலிருந்து எழுதுகிறேன். வைஃபை சேரவில்லை என்பதை மட்டும் சொல்லியிருந்தால் நானும் கடவுச்சொல்லைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். ஆனால் கேபிளில் பிங் விட்டுவிட்டுப் போகிறது என்றீர்களே, அதுதான் உறுத்துகிறது. ஒரே சுவிட்சில் இரண்டு பேருக்கு ஒரே மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்க வேண்டிய நெட்வொர்க் எண்) இருந்தால் இப்படித்தான் நடக்கும். கடைசியாகப் பேசியவர் இருக்கும் பக்கம் சுவிட்ச் திரும்பிக்கொள்ளும். மற்றவருக்கு வரவேண்டிய தபால் இங்கே வந்துவிடும். மெஷிலும் அப்படியே. தன் முகவரியிலிருந்தே அழைப்பு வந்தால் ரூட்டர் யாரோடு கை கோக்கும்?

இரண்டு காரியம் செய்யுங்கள். முதலாவதன் மேக்கையும் மூன்றாவதன் மேக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பிறகு இரண்டிலும் ஏஆர்டி பகுதியை, அதாவது ஃபிளாஷில் ரேடியோவின் அளவீடுகள் இருக்கும் இடத்தை, கோப்பாக எடுத்து எம்டி5 (கோப்பின் கைரேகை போன்ற எண்) போடுங்கள். ஏஆர்டி ஒவ்வொரு பெட்டிக்கும் தொழிற்சாலையில் தனித்தனியாக எழுதப்படுவது. இரண்டும் ஒன்றாக இருக்க வழியே இல்லை.

கோபித்துக்கொள்ளாமல் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். நடுவில் முதல் ரூட்டரிலிருந்து எதையாவது எடுத்து மூன்றாவதில் எழுதினீர்களா?

அல்சூர் டிவி மெக்கானிக்:

எழுதினேன் அம்மா. கேள்வி போடும்போது அதைச் சொல்லவில்லை, முக்கியம் என்று தோன்றாததால். கொஞ்சம் வெட்கத்தாலும்தான்.

மூன்றாவதில் யூ-பூட் அமைப்புகளை மாற்றும்போது சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. திரும்ப வந்தபோது அது பாதி வழியில் நின்றது. இந்த ரூட்டரில் சிறிய நார் (NOR) ஃபிளாஷ் ஒன்றும் பெரிய நாண்ட் (NAND) ஃபிளாஷ் ஒன்றும் இருக்கின்றன. பூட்லோடரும் அதன் அமைப்புகளும் ஏஆர்டியும் நாரில். முதலாவதன் நார் முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்து வைத்திருந்தேன். ஒரே மாடல், ஒரே போர்டு, ஒரே எண் அச்சிட்ட சிப். இதில் என்ன வித்தியாசம் என்று அந்தக் கோப்பை அப்படியே டிஎஃப்டிபியில் ஏற்றி, மூன்றாவதன் நாரில் முதல் பைட்டிலிருந்து கடைசிப் பைட்டு வரை எழுதினேன். எழுந்துவிட்டது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

நீங்கள் சொன்னபடி எம்டி5 போட்டேன். அக்கா மகன் இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் காட்டினான். முதல் நான்கு எழுத்துகள் ஒத்தன, தற்செயல் என்றேன். எட்டாவது வரை வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. 32 எழுத்துகளும் ஒன்றே. மேக்கும் ஒன்றே.

மூன்றாவதன் பழைய நாரை எடுத்து வைக்கவில்லை. அதுதான் மாதிரி ஒன்று இருக்கிறதே என்று.

செம்பூர்வாசி:

அப்படியானால் மூன்றாவதன் ஏஆர்டி போனது போனதுதான் அண்ணா. இணையத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் உலகத்தில் அது அந்த ஒரு பெட்டிக்குள் மட்டுமே இருந்தது. ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்றினாலும் வராது.

அதில் மேக் மட்டும் இல்லை. ஒவ்வொரு சேனலிலும் எவ்வளவு உந்தினால் ஆன்டெனாவில் எவ்வளவு வெளியே வருகிறது என்று தொழிற்சாலையில் கருவி வைத்து அளந்த எண்கள் அதில் இருக்கும். ஒரே அச்சில் வார்த்த போர்டுகளாக இருந்தாலும் ஆம்ப்ளிஃபயர்கள் ஒன்றுபோல் இருக்காது. இப்போது உங்கள் மூன்றாவது ரூட்டர் முதலாவதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடக்கிறது. இரண்டும் ஒரே மாடல் என்பதால் நடக்கும். அளவு மட்டும் கொஞ்சம் பிசகும்: கேட்ட சக்தியைவிடக் கூடவோ குறையவோ வெளியே வரும்.

செய்ய வேண்டியது சுலபம். ஏஆர்டிக்குள் கையை வைக்காதீர்கள். அந்த அளவீட்டு எண்களின் (கேலிபரேஷன்) தொகுப்புக்குள் மேக்கை நேரடியாக மாற்றினால் அதன் செக்சம் (சரிபார்ப்பு எண்) பொய்த்துவிடும். பிறகு ரேடியோ எழவே எழாது. அதற்குப் பதில், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். மூன்றாவதன் உண்மையான மேக் அதில் அச்சாகியிருக்கும். அதை நெட்வொர்க் கன்ஃபிகரேஷனில் லேன் (வீட்டுப் பக்கம்), வேன் (இணையப் பக்கம்) இரண்டுக்கும், வயர்லெஸ் கன்ஃபிகரேஷனில் மூன்று ரேடியோக்களுக்கும் கொடுங்கள்; கடைசி எண்ணை மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போங்கள். அந்தப் பெட்டியில் சக்தியை மூன்று, நான்கு டிபி குறைத்து வையுங்கள். அதை இரண்டு மாடிக்கு நடுவில் பாலமாக வைக்காமல் கடைசிக் கண்ணியாக வையுங்கள்.

இன்றைக்கே இரண்டாவதன் நாரையும் கோப்பாக எடுத்து வைத்துவிடுங்கள். நாளை என்று சொல்லாதீர்கள், உங்கள் தெருவில் கரண்ட் போகும் லட்சணம் எனக்குத் தெரியாது.

கரோல்பாக் தமிழன்:

புதிதாக வாங்கச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். இவ்வளவையும் படித்த பிறகு, என் பரணில் கிடக்கும் பெட்டியைக் கீழே இறக்கிவிட்டேன்.

அல்சூர் டிவி மெக்கானிக்:

ஆயிற்று. லேபிளில் இருந்த எண் பாதி தேய்ந்திருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படித்தோம். மேக்கை மாற்றி மறுபடி தொடங்கியதும் நாற்பது வினாடியில் மூன்றாவது வந்து சேர்ந்துகொண்டது. பாலம் 149இல் ஓடுகிறது. அம்மா கீழே பக்திப் பாடல்கள் கேட்கிறார், நடுவில் நிற்பதில்லை. மூன்றாவதைச் சக்தி குறைத்து மேல்மாடிப் படிக்கட்டின் முனையில் வைத்திருக்கிறேன். குடித்தனக்காரர் இந்த வாரம் கதவைத் தட்டவில்லை.

செம்பூர் தங்கைக்கு ஒன்று சொல்ல வேண்டும். டிவி கடையில் ஐ.எஃப். காயிலுக்குள் இருக்கும் ஃபெரைட் திருகை ஒவ்வொரு செட்டுக்கும் தனியாகத்தான் திருப்ப வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் பக்கத்துச் செட்டில் எத்தனை சுற்று என்று பார்த்து இதில் வைக்க முடியாது. சீல் வைத்த மெழுகைத் தொட்டால் கை ஒடிந்துவிடும் என்று வேலைக்கு வந்த பையன்களை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! அந்த மெழுகைத்தான் நானே சுரண்டியிருக்கிறேன்.

முதலாவது, இரண்டாவது இரண்டின் நார் கோப்புகளும் இப்போது பென்டிரைவில் தனித்தனிப் பெயரோடு இருக்கின்றன. டிவைஸ் ட்ரீயைச் சீராக்கி ஓபன்டபிள்யூஆர்டிக்கு அனுப்பலாம் என்று அக்கா மகன் உட்கார்ந்திருக்கிறான். ஏஆர்டி பகுதிக்குப் படிக்க மட்டும் அனுமதி என்ற வரியை முதலில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

முன்பக்க நீல விளக்கு மட்டும் எரிய மாட்டேன் என்கிறது. அதற்குத் தனியாகக் கேள்வி போடுகிறேன்.