கிராம சபையில் திட்டத்தையும் வரவு செலவையும் கேட்ட அனுபவங்கள்: குமரி மாவட்டத்தார் பகிரலாம்

கல்குளம் வட்டம், கிராம ஊராட்சி:

அக்டோபர் 2 கிராம சபைக்கு வீட்டுக்கு ஒருவராவது போங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, நவம்பர் 1 என்று மற்ற நாட்களிலும் சபை கூடுகிறது. ஆனால் அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை மக்கள் முன் வைத்துப் பேசும் பருவம் காந்தி ஜெயந்தியை ஒட்டித்தான் தொடங்குகிறது. குடியரசு நாளில் போய் மழைநீர் வடியும் ஓடை கேட்டால், வேலைப் பட்டியல் ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது என்பார்கள். எங்கள் தெருக்காரர்கள் அந்தப் பதிலைக் கேட்டு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

எங்கள் வீடுகள் ரப்பர் தோட்டச் சரிவின் அடியில் இருக்கின்றன. இரண்டு பருவமழையிலும் செம்மண் கலந்த தண்ணீர் பாதை வழியாகவே இறங்கி வரும். அந்தப் பாதைக்குச் சிமெண்ட் தளம் போடுவதாக ஊராட்சிப் பட்டியலில் இருந்தது. கேட்டவுடன் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஓடை கட்டாமல் தளம் மட்டும் போட்டால், இப்போது மண்ணில் ஊறுகிற தண்ணீரும் சேர்ந்து வேகமெடுத்துக் கீழ்வீடுகளின் முற்றத்தில்தான் வந்து விழும். இதை அலுவலகத்தில் இருந்து பட்டியல் எழுதுகிறவருக்குத் தெரியாது. மழையில் அந்தப் பாதையில் நடக்கிறவர்களுக்குத்தான் தெரியும். மக்களிடம் கேட்டுத் திட்டம் போடவேண்டும் என்று சட்டம் சொல்வது இதற்காகத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கூட்டத்துக்குள் நுழைந்ததுமே கையெழுத்து கேட்டார்கள். மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் இருந்தால்தான் குறைவெண் வரம்பு (கோரம்) நிறைவேறும். நம் மாவட்டத்தில் ஊராட்சிகள் பெரியவை. ஆகவே எண்ணிக்கை சேர்ப்பதிலேயே ஊழியர்களின் கவனம் போய்விடுகிறது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பத் தொடங்கினார்கள். அப்போது எங்கள் வார்டு அக்கா ஒருவர், "இருங்கள், கணக்கைப் பார்த்துவிட்டுப் போகலாம்" என்று அவர்களை உட்கார வைத்தார்.

படிவம் 30 என்கிற வரவு செலவுக் கணக்கைப் பிளெக்ஸ் பேனரில் அச்சடித்து, பின்வரிசை நாற்காலிகளுக்குப் பின்னால் சன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். எழுத்து பொடி. அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். தெருவிளக்குப் பராமரிப்பு என்ற வரியில் விரல் நின்றது. ஊராட்சி செயலரைக் கூப்பிட்டு, "தம்பி, இந்தத் தொகைக்கு எத்தனை பல்பு வாங்கினீர்கள்? எங்கள் வார்டில் எத்தனை மாட்டினீர்கள்?" என்று கேட்டார். குரல் உயரவே இல்லை. செயலர் அலுவலகத்துக்குப் போய் இருப்புப் பதிவேட்டை எடுத்து வந்தார். வாங்கிய கணக்கு இருந்தது. எந்த வார்டுக்கு எத்தனை என்ற பிரிவு இல்லை. கூட்டத்தைக் கவனிக்கப் பற்றாளராக வந்திருந்த அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் வார்டு வாரியாக வாசித்தார்கள். எங்களுக்கு வரவேண்டிய பல்புகளும் வந்து சேர்ந்தன.

ஓடை விஷயத்துக்கு வருகிறேன். மனுவில் ஓடை வேண்டும் என்று மட்டும் எழுதவில்லை. எந்த வீட்டு மதிலில் தொடங்கி எந்தச் சிறு பாலத்தில் முடியவேண்டும், எவ்வளவு நீளம், பாதையின் புல எண் என்ன என்று எல்லாவற்றையும் எழுதி, மழைநாளில் எடுத்த படங்களையும் சேர்த்துக் கொடுத்தோம். தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாசித்த பிறகுதான் அதற்குக் கீழே கையெழுத்திட்டோம். ஊராட்சி ஒன்றியத்திலிருந்து பொறியாளர் வந்து அளந்தார். ஓடையுடன் கூடிய தளமாக மாறியது. ஆனால் நிதி கூடவில்லை, ஆகவே பாதையின் நீளம் குறைந்தது. மேல்வீட்டுக்காரர்கள் சிலருக்கு என்மேல் இன்னும் மனத்தாங்கல் இருக்கிறது. அவர்கள் பகுதியை அடுத்த பட்டியலில் முதலாவதாக வைக்கக் கேட்டு, அந்த மனுவிலும் நானே முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கடலோரக் கிராம ஊராட்சி:

எங்கள் ஊரில் கூட்டத்துக்கு ஆண்கள் வருவது குறைவு. வள்ளம் கடலில் இருக்கும் நேரத்தில் முற்பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? வருகிற பெண்கள்தான் எல்லாவற்றையும் கேட்கிறார்கள்.

கடற்கரைச் சாலையைச் சீராக்கக் கேட்டபோது, ஊராட்சிக் கணக்கில் பணம் இருந்தும் முடியாது என்றார்கள். எங்களுக்குக் கோபம் வந்தது. பற்றாளர் பொறுமையாக விளக்கினார். பதினைந்தாவது நிதி ஆணையத்தின் 2021-26 மானியத்தில் 60 விழுக்காடு கட்டுண்ட நிதி. அதில் பாதி குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும், பாதி சுகாதாரத்துக்கும் குப்பை மேலாண்மைக்கும் மட்டுமே. மீதி 40 விழுக்காட்டில்தான் மற்ற வேலைகள், அதிலும் சம்பளம் கொடுக்கக் கூடாது. முன்பே யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது. உடனே எங்கள் பெண்கள் கோரிக்கையை மாற்றினார்கள். உப்பரித்து ஓட்டை விழுந்த குடிநீர்க் குழாயை மாற்றித் தாருங்கள் என்றார்கள். அது அந்த 60 விழுக்காட்டுக்குள் வந்தது, வேலையும் நடந்தது. சாலை இன்னும் நடக்கவில்லை.

கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கட்டும் கல் தடுப்பான தூண்டில் வளைவைக் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது ஊராட்சி நிதியில் ஆகிற காரியமல்ல, அரசுத் துறைதான் செய்யவேண்டும். ஆனாலும் கிராம சபைத் தீர்மானமாகப் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆளுக்கொரு மனு கொடுப்பதைவிட ஊரே போட்ட தீர்மானத்துக்கு எடை அதிகம்.

விளவங்கோடு பக்கம், பேரூராட்சி:

உங்களுக்காவது கிராம சபை இருக்கிறது. நம் மாவட்டத்தில் கிராம ஊராட்சிகள் 95. 2011 கணக்கெடுப்பின்படி மக்களில் 82 விழுக்காட்டினர் நகர்ப்புறக் கணக்கில் வருகிறார்கள். ரப்பர் வெட்டியும் வாழை வைத்தும் பிழைக்கிற நாங்களும் அதில் அடக்கம். பேரூராட்சியின் வரவு செலவுத் திட்டம் மன்றக் கூட்டத்தில் நிறைவேறுகிறது. எங்களுக்கு அது முடிந்தபின்தான் தெரியும்.

2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாடு முழுவதும் நகர்ப்புறத்தில் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை நடத்தினார்கள். 1956இல் நாம் தமிழ்நாட்டோடு இணைந்த நாளும் அதுவே என்பதால் எனக்குத் தனி மகிழ்ச்சி. பள்ளி வராந்தாவில் கூடினோம். மனுக்களை வாங்கி அடுக்கினார்கள், ரசீது தரவில்லை. பல மாதம் பதில் இல்லாததால் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். என் மனு பரிசீலனையில் இருப்பதாக எழுதி அனுப்பினார்கள். எங்கள் தெருவுக்கு எதுவும் வந்துவிடவில்லை. ஆனால் மனு பதிவாகியிருப்பதற்குக் கையில் காகிதம் இருக்கிறது. அதைக் காட்டித்தான் கவுன்சிலரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தோவாளை வட்டத்திலிருந்து ஒரு கேள்வி:

எங்கள் ஊர்க் குளத்தில் ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கிறது. கிராம சபையில் கேட்டால் ஊராட்சி அள்ளுமா? தலைவர் இல்லாத இந்தக் காலத்தில் யாரிடம் சொல்வது?

கல்குளம் வட்டம்:

முதலில் குளம் யாருடையது என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைச் சொன்னால் தெரியும். பெரிய பாசனக் குளங்கள் பெரும்பாலும் நீர்வளத்துறைக்கு உரியவை, அவற்றில் ஊராட்சி தன் நிதியைச் செலவிட முடியாது. துறைக்குப் பரிந்துரைக்கும் தீர்மானம்தான் வழி. ஊராட்சிக் குளம் என்றால் திட்டத்திலேயே சேர்க்கச் சொல்லலாம். மீன்பாசிக் குத்தகைக்கு (மீன் பிடிக்கும் உரிமைக்கு) விட்டிருந்தால் அந்த வருமானம் படிவம் 30இல் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்த பிறகு, தேர்தல் நடந்து புதியவர்கள் வரும்வரை அரசு நியமித்த தனி அலுவலர்தான் பொறுப்பு. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் மனுவைக் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். குளத்தின் பெயரும் புல எண்ணும் மனுவின் முதல் வரியிலேயே இருக்கட்டும்.