கொலுசுக் கடை வலைத்தளம்: பார்வை ஏறுகிறது, ஆர்டர் ஏறவில்லை

செவ்வாய்ப்பேட்டை கொலுசு (கேள்வி)

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் குடும்பத்தினர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தி வருகிறார்கள். இதுவரை மொத்த வியாபாரிகளுக்கே சரக்குக் கொடுத்துவந்த நாங்கள், சில்லறையாக நேரடியாக விற்பதற்கென்று ஒரு வலைத்தளம் தொடங்கியிருக்கிறோம். தளத்தை அமைத்துக் கொடுத்தவர் மாதந்தோறும் ஓர் அறிக்கை அனுப்புகிறார். அதில் ‘ஹிட்ஸ்’ என்ற எண் ஏறிக்கொண்டே போகிறது. தளத்துக்கு வருபவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸைத் திறந்தாலோ, அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தென்படவில்லை. ஆர்டரோ, இந்த இரண்டு எண்ணுக்கும் தொடர்பில்லாமல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வருபவர்களில் பெரும்பாலோர் ‘டைரக்ட்’ வழியாக வந்ததாகக் காட்டுகிறது. எங்கள் முகவரியை இத்தனை பேர் நினைவில் வைத்துத் தட்டச்சு செய்கிறார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஊர்ப் பட்டியலில் சேலத்துக்கு மேலே சென்னையும் பெங்களூரும் நிற்பதால், அந்த இரு ஊர்களுக்கு மட்டும் விளம்பரம் கொடுத்தால் போதும் என்கிறார் என் அண்ணன். இவற்றில் எந்த எண்ணை நம்பி முடிவெடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏற்காட்டுக் காப்பி

சகோதரிக்கு வணக்கம். ஏற்காட்டிலிருந்து காப்பித்தூளும் மிளகும் இணையத்தில் விற்று வருகிறேன். முதலில் அந்த ‘ஹிட்ஸ்’ எண்ணை மறந்துவிடுங்கள். ஒரு பக்கத்தைத் திறக்கும்போது சர்வரிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கோப்பும் ஒரு ஹிட் ஆகும். உங்கள் கொலுசுப் பக்கம் ஒன்றில் முப்பது படங்கள் இருந்தால், ஒரே ஒருவர் ஒரே ஒரு முறை திறந்தாலும் முப்பதுக்கு மேல் ஹிட் விழும். தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் வந்து போவதும் அந்தக் கணக்கில் சேரும். அதை மாதாமாதம் அனுப்புபவர் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண்ணால் அவருக்குத்தான் பெருமையே தவிர உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

அனலிட்டிக்ஸ், பார்ப்பவரின் உலாவியில் ஓடும் ஒரு சிறு நிரல் மூலம் எண்ணுகிறது. தெரிந்த தானியங்கி வருகைகளைத் தானே கழித்துவிடுகிறது. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களும் அதில் விடுபடுவார்கள் என்பதால், அது காட்டுவது உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அதிலும் மொத்த வருகையைவிட ‘எங்கேஜ்டு செஷன்’ என்ற எண்ணைப் பாருங்கள். பத்து வினாடிக்கு மேல் தங்கியவை, இரண்டு பக்கங்களாவது பார்த்தவை, நீங்கள் முக்கியம் என்று குறித்துவைத்த செயலைச் செய்தவை ஆகிய வருகைகளே அதில் சேரும்.

ஊர்ப் பட்டியலைப் பொறுத்தவரை, அண்ணன் சொல்வதற்கு நான் உடன்பட மாட்டேன். ஊர் என்பது இணைய இணைப்பின் ஐபி முகவரியைக் கொண்டு கணிக்கப்படுவது. கைப்பேசி இணைப்புகளின் போக்குவரத்து பெருநகர மையங்கள் வழியாக வெளியேறுவதால், ஆத்தூரில் உட்கார்ந்து பார்ப்பவரும் சென்னைக்காரராகப் பதிவாவது வழக்கம். விளம்பரத்துக்கு ஊர் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், இதுவரை அனுப்பிய பார்சல்களின் பின்கோடுகளை எடுத்து வைத்துப் பாருங்கள். அதைவிட நம்பகமான பட்டியலை எந்த மென்பொருளும் தராது.

கணக்குப்பிள்ளை

‘டைரக்ட்’ பற்றி நான் சொல்கிறேன். எங்கிருந்து வந்தார் என்ற தகவல் இல்லாத வருகைகளையெல்லாம் மென்பொருள் அந்தத் தலைப்பில் போட்டுவிடும். நம் ஊரில் அதில் பெரும்பகுதி வாட்ஸ்அப். குடும்பக் குழுவில் ஒருவர் கொலுசுப் படத்தோடு இணைப்பை அனுப்பினால், அதைத் தட்டி வருபவர்கள் பெரும்பாலும் டைரக்ட் என்றே பதிவாவார்கள். நீங்கள் அனுப்பும் இணைப்புகளின் பின்னால், வந்த வழியைக் காட்டும் யுடிஎம் குறிகளைச் சேர்த்துவிட்டால், அதாவது சோர்ஸ், மீடியம், கேம்பெயின் என்ற மூன்றையும் எழுதிவிட்டால், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலிருந்து வந்தவர், இன்ஸ்டாகிராமிலிருந்து வந்தவர், பெட்டியில் வைத்த அட்டையின் க்யூஆர் குறியீட்டிலிருந்து வந்தவர் என்று தனித்தனியாகப் பிரிந்துவிடும். ஆங்கிலச் சிறிய எழுத்து, பெரிய எழுத்து மாறினால் அதை வேறொரு வழியாகவே எண்ணும் என்பதால், எப்போதும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

ஆனால் எங்கிருந்து வந்தார்கள் என்பதைவிட எந்தப் படியில் திரும்பிப் போனார்கள் என்பதுதான் உங்களுக்குக் காசு தரும் கேள்வி என்பது என் கருத்து. பொருளைப் பார்த்தல், கூடையில் சேர்த்தல், செக்அவுட் தொடங்குதல், முகவரி தருதல், பணம் செலுத்துதல் என்ற ஒவ்வொரு படியும் அனலிட்டிக்ஸில் தனி நிகழ்வாகப் பதிவாக வேண்டும். உங்கள் தளத்தில் அவை அமைக்கப்பட்டிருக்கின்றனவா என்று வடிவமைத்தவரிடம் கேளுங்கள். ஆயிரம் பேர் கொலுசுப் பக்கத்தைப் பார்த்து இருபது பேர் மட்டும் கூடையில் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கோளாறு பொருளின் பக்கத்தில் இருக்கிறது. இருநூறு பேர் சேர்த்து, செக்அவுட்டில் பத்துப் பேராகக் குறைகிறார்கள் என்றால், கொலுசின் மேல் குற்றமில்லை. கூரியர் கட்டணமோ, கட்டாயப் பதிவோ, பணம் செலுத்தும் வழியோதான் துரத்துகிறது. மொத்த வருகையை இரட்டிப்பாக்கினாலும் இந்த ஓட்டை அடைபடாது.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு

இருவருக்கும் மிக்க நன்றி. படிகள் ஏற்கெனவே அமைக்கப்பட்டிருந்தன. நான்தான் திறந்து பார்க்கவில்லை என்பதால் ‘பர்சேஸ் ஜர்னி’ அறிக்கையை இப்போது பார்த்தேன். பொருளின் பக்கத்திலிருந்து கூடைக்குப் போகும் இடத்திலேயே பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பக்கத்திலுள்ள வாட்ஸ்அப் பொத்தானை நிறையப் பேர் அழுத்துகிறார்கள். வெளி இணைப்பைத் தட்டுவதும் தானாகவே ஒரு நிகழ்வாகப் பதிவாகும் என்பது எனக்கு இதுவரை தெரியாது. அந்த வாட்ஸ்அப் உரையாடல்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் மூன்றுதான்: ஜோடியின் எடை எத்தனை கிராம், நீளம் எத்தனை அங்குலம், எத்தனை டச் (வெள்ளியின் தூய்மை). இவற்றில் எடை மட்டுமே எங்கள் பக்கத்தில் இருக்கிறது. எடையும் ஒற்றைக் காலுக்கா ஜோடிக்கா என்று எழுதப்படவில்லை.

கணக்குப்பிள்ளை

விடை உங்கள் வாட்ஸ்அப்பிலேயே கிடைத்துவிட்டது. நீளத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியையும், கணுக்காலை நூல் கொண்டு அளக்கும் முறையைக் காட்டும் ஒரு படத்தையும், டச் விவரத்தையும் விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். திருகாணியின் அருகுப் படம் ஒன்றும் இருக்கட்டும். குழந்தைக் கொலுசு வாங்குபவர்கள் அதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். எல்லாக் கொலுசுக்கும் ஒரே நேரத்தில் மாற்றாமல், அதிகம் பார்க்கப்படும் சில பக்கங்களில் மட்டும் மாற்றிவிட்டு, மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று ஆர்டர் ஐந்தானதைக் கண்டு துள்ள வேண்டாம். அது தற்செயலாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. பணம் செலுத்தப் பேமென்ட் கேட்வேக்கு (பணம் வசூலித்துத் தரும் வெளித் தளம்) போய்த் திரும்புபவரை, அந்தக் கேட்வேயே அனுப்பிவைத்த புதிய வருகைபோல அறிக்கை காட்டும். அதன் முகவரியை ‘அன்வான்டட் ரெஃபரல்ஸ்’ பட்டியலில் சேர்த்துவிடுங்கள். யுபிஐ செயலியில் பணம் கட்டிவிட்டு உலாவிக்குத் திரும்பாமலே போகிறவர்களின் ஆர்டர் அனலிட்டிக்ஸில் விடுபடும் என்பதால், விற்பனைத் தொகைக்கு எப்போதும் உங்கள் பில் புத்தகத்தையே ஆதாரமாகக் கொள்ளுங்கள்.

பழைய கடைவீதி

நான் வெள்ளி வியாபாரத்தில் பழையவன், கணினியில் புதியவன். தங்கச்சி, மாதத்தோடு மாதத்தை ஒப்பிடும்போது ஆங்கில நாட்காட்டியை மட்டும் நம்பாதீர்கள். அட்சய திருதியை 2024இல் மே 10 அன்று வந்தது. 2025இல் ஏப்ரல் 30 அன்று வந்துவிட்டது. மே மாதத்தோடு மே மாதத்தை வைத்துப் பார்ப்பவர் வியாபாரம் விழுந்துவிட்டதாகவே முடிவு கட்டுவார். தீபாவளியும் 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. ஆடியில் கல்யாணக் கொலுசு படுத்துவிடும். ஆனால் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்காகக் குழந்தைகளுக்கு வாங்குவார்கள். ஆடியை ஆடியோடும், திருதியைக்கு முந்தைய பதினைந்து நாளை அதே பதினைந்து நாளோடும் வைத்துத்தான் நான் பார்ப்பேன்.

ஏற்காட்டுக் காப்பி

ஐயா சொன்னபடி ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வேண்டுமென்றால், இன்றைக்கே ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். அனலிட்டிக்ஸில் ‘டேட்டா ரிடென்ஷன்’ (விவரத்தை வைத்திருக்கும் காலம்) தொடக்கத்தில் 2 மாதம் என்றுதான் இருக்கும். அதை 14 மாதமாக மாற்ற வேண்டும். வழக்கமான அறிக்கைகளை இது பாதிக்காது. ஆனால் மாற்றாவிட்டால், நீங்களே ‘எக்ஸ்ப்ளோர்’ பகுதியில் படிகளைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வுகளுக்குப் பழைய விவரம் கிடைக்காமல் போய்விடும். அழிந்த விவரத்தை மீட்கவும் வழியில்லை. கூகுளின் இன்னொரு கருவியான சர்ச் கன்சோல் 16 மாத விவரத்தை வைத்திருக்கும். கூகுளில் எந்தச் சொல்லைத் தேடி உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள் என்பது அதில் தெரியும் என்பதால், அதையும் தளத்தோடு இணைத்துவிடுங்கள்.