ஸ்காஃபெல் பைக் ஏறாமல் திரும்பிய நாளில் சந்தித்த இடையர்

சென்ற ஆண்டு செப்டம்பர் இறுதியில் நானும் என் கணவரும் வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஆறு நாட்கள் தங்கியிருந்தோம். கார் இல்லை. கெஸ்விக் ஊரில் அறை எடுத்துக்கொண்டு, டெர்வென்ட்வாட்டர் ஏரியைச் சுற்றிவரும் படகிலும், பாரோடேல் பள்ளத்தாக்கிற்குச் செல்லும் 78 ஆம் எண் பேருந்திலும் போய்வந்தோம். இவ்விரண்டும் இருந்தால் அங்கே கார் தேவைப்படாது என்பதே என் கருத்து.

முதல் நாள் படகில் ஹாஸ் எண்டில் இறங்கி, 451 மீட்டர் உயரமுள்ள கேட்பெல்ஸ் குன்றில் ஏறினோம். உயரம் குறைவுதானே என்று எண்ணிச் செல்பவர்கள், உச்சிக்குச் சற்றுமுன் கைகளையும் ஊன்றி ஏறவேண்டிய பாறைகள் இருப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது பிராண்டில்ஹோ காட்டின் வழியாக ஏரிக்கரைக்கு வந்தோம். இயற்கை எழில்மிக்க இடங்களைப் பாதுகாக்கும் தொண்டு அமைப்பான நேஷனல் டிரஸ்ட், பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 1902 இல் வாங்கிய காடு அது. இந்த மாவட்டத்தில் அவ்வமைப்பு வாங்கிய முதல் நிலமும் அதுவே. அதனால்தான் இன்றும் யாரையும் கேட்காமல் அக்கரையில் நடக்க முடிகிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது நான்காம் நாளைப் பற்றி. இங்கிலாந்தின் மிக உயரமான மலையான ஸ்காஃபெல் பைக்கின் (978 மீட்டர்) உச்சி, முதல் உலகப்போரில் உயிரிழந்த அம்மாவட்டத்து மக்களின் நினைவாக நாட்டுக்கு அளிக்கப்பட்டது என்று படித்ததிலிருந்து, அங்கே போய் நிற்கவேண்டும் என்பது என் கணவரின் ஆசையாக இருந்தது. சீட்டாலரில் பேருந்தை விட்டு இறங்கி, ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் சீத்வெய்ட் என்ற சிற்றூரைக் கடந்து, ஸ்டாக்லி கற்பாலம் தாண்டி ஸ்டை ஹெட் ஏரி வரை ஏறிவிட்டோம். அங்கே மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் பாதை தெரியவில்லை. கைப்பேசியில் சமிக்ஞை இல்லை. அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு, "திரும்பிவிடலாம்" என்று அவரே சொன்னார். எவ்வளவு மனவருத்தத்தோடு சொன்னார் என்பது எனக்குத்தான் தெரியும்.

கற்பாலத்தின் அருகே முதிய இடையர் ஒருவர், இரண்டு நாய்களின் துணையோடு ஆடுகளை மலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். ஹெர்ட்விக் என்னும் இனத்து ஆடுகள் அவை: பெரியவை சாம்பல் நிறத்தில் வெள்ளை முகத்தோடும், அவ்வாண்டுக் குட்டிகள் கருநிறத்திலும் இருந்தன. பிறக்கும்போது கருப்பாக இருக்கும் குட்டிகள் வளர வளர வெளுத்துவிடுமாம். மேலே வேலியே காணவில்லையே, ஆடுகள் வழிதவறிப் போகாதா என்று கேட்டேன். தன் மேய்ச்சல் எல்லையைத் தாய் ஆடு குட்டிக்குப் பழக்கிவிடும், அந்தக் குட்டி தாயானதும் தன் குட்டிக்குப் பழக்கும் என்றார் அவர். இதற்கு அங்கே 'ஹெஃப்ட்' என்று பெயர். 2001 இல் கோமாரி நோய் பரவியபோது ஆடுகளைக் கூட்டங்கூட்டமாக அழித்தார்கள் அல்லவா, அப்போது இழந்தது ஆடுகளை மட்டுமன்று, அவை அறிந்திருந்த எல்லைகளையும்தான் என்று அவர் விளக்கியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. புதிதாக வாங்கிவிட்ட ஆடுகளுக்கு மலை தெரியாது. அவை தங்கள் இடத்தைப் பழகும்வரை மனிதர்கள் நாள்தோறும் மேலேறி ஓட்டிவிட வேண்டியிருந்ததாம்.

மழையைப் பொருட்படுத்தாமல் ஏறத்தாழ அரைமணி நேரம் அவரோடு நின்றோம். எங்கள் பயணம் பாதியில் முடிந்ததைக் கேட்டவர், மேகம் இறங்கினால் தாமும் நாய்களோடு இறங்கிவிடுவதாகச் சொன்னார். சீத்வெய்ட் வரை ஆடுகளுக்குப் பின்னாலேயே நடந்தோம். கல் அடுக்கிக் கட்டிய சுவரின் வாயிற்படலை ஆடுகள் கடந்ததும் அதைச் சாத்தும் வேலையை அவர் என் கணவரிடம் கொடுத்தார்.