சவுண்ட்பாரில் மட்டும் சத்தம் உதட்டை முந்துகிறது, ஏன்?

கேள்வி:
புதுசா சவுண்ட்பார் மாட்டினதிலிருந்து நிம்மதி போச்சு. டென்னிஸ் பார்த்தால் 'டொக்' முதலில் கேட்கிறது, பந்து அப்புறம்தான் மட்டையில் படுகிறது. செய்தி வாசிப்பவர் வாயைத் திறக்குமுன் வணக்கம் வந்துவிடுகிறது. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் பிரச்சினையே இல்லை. செட்டாப் பாக்ஸிலிருந்து படம் எச்டிஎம்ஐ-யில் டிவிக்கு; ஒலி ஆப்டிகல் கேபிளில் நேராக சவுண்ட்பாருக்கு. சவுண்ட்பார் கோளாறா?

பதில் 1:
சவுண்ட்பார் பாவம், விடுங்கள். தாமதம் டிவியில். அசைவை வழுவழுப்பாக்க, அடுத்த ஃப்ரேம் வரும்வரை கையிலிருப்பதை டிவி பிடித்து வைக்கும். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒன்றுக்கே 40 மில்லிசெகண்ட். இரண்டைப் பிடித்தால் 80. தன் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியையும் அதே அளவு நிறுத்தித்தான் விடும். உங்கள் ஆப்டிகல் கேபிளோ டிவி பக்கமே போகவில்லை, அதற்கு எப்படித் தெரியும்? டிவியில் கேம் மோடு போட்டுப் பாருங்கள், அதில் இப்படிப் பிடித்து வைப்பது குறையும். வித்தியாசம் குறைந்தால் சந்தேகமே வேண்டாம். பிறகு பழைய மோடுக்கு வந்து, சவுண்ட்பாரின் ஆடியோ டிலேயை 40-லிருந்து மெல்ல ஏற்றுங்கள்.

பதில் 2:
எனக்கு நேர்மாறு. ப்ளூடூத் ஹெட்போனில் சத்தம் பின்தங்குகிறது. டிலே 0-வில்தான் இருக்கிறது. மைனஸில் வைக்க வழி உண்டா?

பதில் 1:
இன்னும் வந்து சேராத ஒலியை எங்கிருந்து எடுப்பது? டிலே என்பது பிடித்து வைக்க மட்டும்தான். ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்குள் நேரம் போய்விடும். வயர் போட்ட ஹெட்போன்தான் சுலபம். குறைந்த தாமத கோடெக் (ஒலியைச் சுருக்கி விரிக்கும் முறை) என்றால் டிவி, ஹெட்போன் இரண்டிலும் இருக்கணும்.

ஆனாலும் கேள்வி கேட்டவரைவிட உங்கள் பாடு தேவலை. ஐடியு (சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம்) 1998-இல் தந்த பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம். பிந்தினால் 125 வரை தெரியாது. தூரத்தில் ஒருவர் சுத்தியல் அடித்தால் கை இறங்கியபின்தானே சத்தம் வரும்? அதற்குப் பழகிய காது.

கேட்டவர்:
90-இல் வைத்தேன். 'டொக்' பந்தோடு ஒட்டிக்கொண்டது! ஒரே ஒரு சேனலில் மட்டும் இன்னும் இழுக்கிறது.

பதில் 1:
டிவி ஸ்பீக்கரிலும் இழுக்கிறதா? அப்படியானால் அது அனுப்புகிற இடத்திலேயே நடந்த பிசகு. அதற்காக 90-ஐத் தொடாதீர்கள், மற்ற சேனலெல்லாம் கெடும்.